ஆரவாரமும் அறமும்

1995ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், சனிக்கிழமை. வட இந்தியாவிலுள்ள அரபுக் கல்லூரி ஒன்றில் நாம் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. விடுதியில் எமக்கு அடுத்த அறையில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்திலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் தங்கியிருந்தார். அமைதியானவர், பாடத்தில் கருத்தூன்றுபவர், விளையாட்டைப் பற்றி அவர் பேசி நாம் கேட்டதில்லை. அன்று மாலை அவர் சிற்றலை வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் அமர்ந்திருந்தார். ஜோஹன்னஸ்பர்க் நகரின் எல்லிஸ் பார்க் அரங்கில், தென்னாப்பிரிக்காவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே ரக்பி உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"உங்கள் நாடு வெற்றிபெற வேண்டுமென்று துஆச் செய்கிறீர்களோ?" என்று நாம் வேடிக்கையாகக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் குடும்பத்தில் பாட்டனார் காலந்தொட்டு யாரும் அந்தப் பச்சைச் சட்டைக்காகக் கைதட்டியதில்லை. எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் அவருக்கே தட்டினோம். இன்று என்ன செய்வதென்று எனக்கே விளங்கவில்லை" என்றார்.

அன்று எமக்கு அந்த ஆட்டத்தின் விதிகளும் தெரியா. அந்த மறுமொழியின் ஆழமும் தெரியாது. பின்னர் அவ்விளையாட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, நண்பர் சொன்னது அறநூலார் அமர்ந்து ஆராயவேண்டிய ஒரு சிக்கல் என்பது புலனாயிற்று. தன்னவர் என்பதற்காக ஒருவர் பக்கம் நிற்பது நியாயமா? தன்னவர் அநீதியின் பக்கம் நிற்கும்போது, கொடுத்த அன்பை மீட்டுக்கொள்ளலாமா? மீட்டுக்கொண்டதை எப்போது திருப்பிக் கொடுப்பது? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

ஆட்டமும் அவையும்

நம் நேயர்களில் பலர் ரக்பி ஆட்டத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். பக்கத்துக்குப் பதினைவர், முட்டை வடிவிலான பந்து, எண்பது நிமிட ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம், ஆனால் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. முன்னேற விரும்புகிறவன் தனக்குப் பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனிடம் பந்தைக் கொடுத்தே முன்னேறவேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் 5 புள்ளிகள். எதிரணி விதியை மீறினால், கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து 3 புள்ளிகள் பெறலாம். இருபுறமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் முட்டித் தள்ளும் காட்சியை முதன்முதற் காண்கிறவர், இது விளையாட்டா மல்லுக்கட்டா என்று மயங்குவர்.

இரு நாடுகள் இவ்வாட்டத்தில் முதன்முதல் மோதியது 1871 மார்ச் 27ஆம் நாள். எடின்பரோ நகரில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை வென்றது. அன்றுதொட்டு இன்றுவரை, நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டம் என்றால் பல்லாயிரம் மக்கள் திரள்கிறார்கள். இத்துணை முரட்டுத்தனமான ஆட்டத்தைச் சூழ்ந்து மென்மையான சில மரபுகளும் வளர்ந்திருக்கின்றன. நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசலாம். ஆட்டம் முடிந்ததும் ஓரணியினர் இரு வரிசையாக நின்று, மற்றோரணியினரைக் கைதட்டி வழியனுப்புவர். கால்பந்து அரங்குகள் பலவற்றில் இரு தரப்பு ரசிகர்களையும் வேலியிட்டுப் பிரித்து வைப்பது வழக்கம். ரக்பி அரங்கிலோ இருவரும் கலந்தே அமர்வர். அயர்லாந்தின் லிமரிக் நகர அரங்கில், எதிரணி வீரர் புள்ளிக்காகப் பந்தை உதைக்க நிற்கும்போது கூட்டம் முழுவதும் வாய்மூடி மௌனமாகிவிடும். தம் அணியைத் தோற்கடிக்கக்கூடிய அந்த உதைக்கும் இடையூறு வரக்கூடாது என்பது அம்மக்களின் எண்ணம்.

ஆயினும் ரசிகன் நடுநிலையாளனாக இருந்துவிட்டால் ஆட்டத்தில் சுவையில்லை. எவர் வென்றால் என்ன என்று பார்ப்பவனுக்கு அது உப்பில்லாப் பண்டம். ஒரு பக்கத்தைத் தன் பக்கமாக்கிக்கொண்டவனுக்கே நெஞ்சு படபடக்கும், குரல் கம்மும், வெற்றியில் கண்ணீர் வரும். எனவே பக்கச்சார்பு ரசிகனுடன் கூடவே பிறந்தது. அது குற்றமென்றால், அவன் ரசிகனாக இருப்பதே குற்றமாகிவிடும். அப்படி இருக்கமுடியுமா?

கட்டும் கண்கட்டும்

அரபு மொழியில் 'அஸபிய்யா' என்றொரு சொல் உண்டு. இனப்பற்று, குலப்பற்று, கட்சிப்பற்று என்று பலவாறு அதனைத் தமிழில் கூறுவர். அதன் வேர்ச்சொல்லைப் பார்த்தால் கட்டுதல், இறுகச் சுற்றுதல் என்னும் பொருள் கிடைக்கும். உடலின் உறுப்புகளைப் பிணைக்கும் நரம்புக்கு 'அஸப்' என்று பெயர். வாரிசுரிமைச் சட்டத்தில் தந்தைவழி உறவினரை 'அஸபா' என்று ஓதுகிறோம். தலையில் கட்டும் துணி 'இஸாபா'. அதே வேரிலிருந்துதான், கண்கள் துணியால் கட்டப்பட்டவனைக் குறிக்கும் 'மஃஸூபுல் ஐனைன்' என்னும் சொல்லும் வருகிறது. நம் தமிழிலும் இவ்வாறே. ஒரு சமூகத்தின் கட்டு என்போம். கண்கட்டு என்றும் சொல்வோம். மக்களைச் சேர்த்துக் கட்டும் கயிறும் அவர்களின் கண்ணைக் கட்டும் துணியும் ஒரே வேரிலிருந்து தோன்றுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1377இல் தம் 'முகத்திமா' என்னும் பெருநூலின் முதற்படியை எழுதி முடித்த இப்னு கல்தூன், அஸபிய்யாவை ஒரு சமூக ஆற்றலாகவே கண்டார். அக்கட்டு இறுகியிருக்கும் வரையில் ஒரு கூட்டம் ஆட்சியை எட்டுகிறது. அது தளர்ந்ததும் வீழ்கிறது என்பது அவரது முடிவு. மறுபுறம், அஸபிய்யா கண்டிக்கப்பட்டதையும் நாம் ஓதியிருக்கிறோம். ஒருவர் தம் மக்களை நேசிப்பது அஸபிய்யா ஆகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, நேசிப்பது ஆகாது, தம் மக்கள் அநீதி இழைக்கும்போது அதற்குத் துணைபோவதே ஆகும் என்னும் கருத்தில் அவர்கள் விளக்கியதாக நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம்.

இவ்விளக்கத்திலிருந்து ரசிகனுக்கு இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. தன் அணியின் பிழை தன் கண்ணுக்குத் தெரிகிறதா? எதிரணியின் சிறப்பு தன் நாவில் வருகிறதா? இவ்விரண்டும் உள்ளவரையில் அவன் எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் அவனுடைய பற்று வெறும் கட்டுதான். இவை போய்விட்டால், அவன் வாய்திறவாமல் அமர்ந்திருந்தாலும் கண்கட்டப்பட்டவனே.

இந்த அளவுகோல்கள் ஆட்டத்துக்குள் நடப்பவற்றுக்குப் போதுமானவை. ஆனால் பிழை ஆட்டத்துக்கு வெளியே, அணியைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே இருந்தால்? நம் நண்பரின் குடும்பம் எதிர்கொண்டது அதைத்தான்.

நியூலேண்ட்ஸ் அரங்கின் ஒரு மூலை

கேப்டவுன் முஸ்லிம்களின் முன்னோர், டச்சுக்காரரின் ஆட்சியில் அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் அங்குக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1694இல் அங்குக் கொண்டுவரப்பட்ட ஷெய்கு யூசுப் அவர்கள், அதற்குமுன் இலங்கையில் சிறைவைக்கப்பட்டிருந்தவர். நாம் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்ததுபோல், அம்மக்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அபூபக்கர் எஃபெந்தி அவர்கள் அவ்வாறு எழுதிய 'பயானுத்தீன்' என்னும் நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது.

அம்மக்களுக்கு ரக்பி இரவல் விளையாட்டன்று. வெள்ளையரல்லாதாரின் ரக்பிச் சங்கம் கேப்டவுனில் 1886லேயே தோன்றிவிட்டது. முஸ்லிம் இளைஞர்களின் குழுக்கள் அதில் முன்னின்றன. தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஆடினர், அருமையாகவே ஆடினர். ஆயினும் தென்னாப்பிரிக்காவின் தேசிய அணியான ஸ்பிரிங்பாக் அணியில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். கேப்டவுனின் புகழ்பெற்ற நியூலேண்ட்ஸ் அரங்கிலும் இவர்களுக்கென ஒதுக்கிய தனிப்பகுதியில்தான் அமரவேண்டும்.

அந்தப் பகுதியிலிருந்து எழுந்த ஆரவாரம், வந்த அணிக்கே உரியதாயிற்று. அதிலும் நியூசிலாந்தின் 'ஆல் பிளாக்ஸ்' அணிமீது அவர்கள் தனி அன்பு கொண்டனர். நம் நண்பரின் தந்தையார் தையற்காரர். 1970இல் நியூசிலாந்து அணி நியூலேண்ட்ஸ் அரங்கில் 9–8 என்ற கணக்கில் வென்ற நாளில் அவர் அந்தப் பகுதியில் இருந்தாராம். வெள்ளையரல்லாத வீரர்களும் இடம்பெற்றுத் தென்னாப்பிரிக்கா வந்த முதல் நியூசிலாந்து அணி அது. சமோவா வழியில் வந்த பிரையன் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் அவ்வணியின் மின்னல்போல் ஓடினார். 'கௌரவ வெள்ளையர்' என்ற கேலிக்குரிய பட்டத்தைச் சூட்டித்தான் தென்னாப்பிரிக்க அரசு அவரையும் மாவோரி வீரர்களையும் நாட்டுக்குள் அனுமதித்திருந்தது. தம் நிறத்தையொத்த ஒருவர் அந்தப் புல்வெளியில் ஓடுவதைக் கண்டு அந்த மூலையில் இருந்தவர்கள் அழுதார்கள் என்று தந்தையார் சொல்லக் கேட்டதாக நண்பர் கூறினார். அக்குடும்பம் வாழ்ந்த 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதி 1966இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதென அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து அகற்றப்பட்டோர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். வீட்டை எடுத்துக்கொண்டவர்களின் அணிக்குக் கைதட்டு என்று அவரிடம் யார் சொல்லமுடியும்?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சொந்த நாட்டுக்கு எதிராக ஆரவாரிப்பது துரோகமாகாதா? 1990இல் பிரிட்டனின் அரசியல் தலைவர் நார்மன் டெபிட், குடியேறி வந்தோர் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் பற்றை அளக்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். நம் நாட்டிலும் இத்தகைய தராசு சிலரை நோக்கி நீட்டப்பட்டதுண்டு என்பதை நேயர்கள் அறிவர். இத்தராசில் ஒரு கோளாறு இருக்கிறது. குடிமகன் நாட்டுக்கு என்ன கொடுத்தான் என்று அது நிறுக்கிறது. நாடு அவனுக்கு என்ன கொடுத்தது என்பதை மறுதட்டில் வைப்பதில்லை. சட்டத்துக்குப் பணிவதும் வரி செலுத்துவதும் கடமைகள். அவற்றைக் கேட்டுப் பெறலாம். கைதட்டல் அத்தகையதன்று. அது உள்ளத்திலிருந்து வரவேண்டியது. கட்டளையிட்டுப் பெறும் கைதட்டலில் உள்ளம் இல்லை. நியூலேண்ட்ஸ் மூலையில் இருந்தவர்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை. தாம் விரும்பிய இடத்தில் வாழும் உரிமை இல்லை. அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஆரவாரம் ஒன்றே. அதனைச் சாட்சியமாக அளித்தார்கள். ராபன் தீவுச் சிறையிலிருந்த கைதிகளும் ஸ்பிரிங்பாக்கை எதிர்ப்பவர் எவரோ அவர் பக்கமே நின்றனர்.

அவர்களுக்குள்ளும் ஒரு விவாதம் நடந்ததைக் குறிப்பிடவேண்டும். 1973இல் தோன்றிய தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹசன் ஹோவா போன்றோர், இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்கமுடியாது என்றனர். ஒதுக்கப்பட்ட மூலையில் அமர்ந்து எதிரணிக்குக் கைதட்டுவதும் அந்த ஒதுக்கலை ஏற்றுக்கொள்வதே. போகாதிருப்பதே முறை என்பது இச்சாராரின் நிலை. தர்க்கப்படி இது வலிமையானது. ஆயினும் வாரம் முழுதும் உழைத்து, ஆட்டத்தைக் காணும் ஆசையை அடக்கமுடியாமல் சென்று, அங்கும் தன் மானத்தை விட்டுக்கொடுக்காமல் எதிரணிக்குக் கைதட்டியவனைக் கோழை என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

வென்றவர் பக்கத்தின் கடமை

பாதிக்கப்பட்டவன் கைதட்ட மறுப்பது எளிதில் விளங்கும். பாதிக்கப்படாத ரசிகனுக்கு என்ன கடமை? இதற்கு விடையை நியூசிலாந்தில் தேடவேண்டும்.

1928, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா சென்ற நியூசிலாந்து அணிகளிலிருந்து மாவோரி வீரர்கள் விலக்கி வைக்கப்பட்டனர். விருந்தளிப்பவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகத் தம் சொந்தச் சகோதரர்களை வீட்டிலேயே விட்டுச் சென்றனர். 1960இல், மாவோரியர் இல்லையேல் பயணமும் இல்லை என்று கோரிய விண்ணப்பத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அன்று அந்நாட்டின் மக்கள்தொகை இருபத்து நான்கு இலட்சம் அளவே. ஆயினும் அணி புறப்பட்டுப் போயிற்று.

1976 ஜூன் 16ஆம் நாள் சொவேட்டோவில் மாணவர்கள் சுடப்பட்டனர். அதன்பின்னும் நியூசிலாந்து அணி அங்குச் சென்று ஆடியதைக் கண்டித்து, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், மாண்ட்ரியால் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1981இல் ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்துக்கு வந்தபோது அந்நாடே இரண்டுபட்டது. ஜூலை 25ஆம் நாள் ஹாமில்டன் நகரில் சில நூறு பேர் வேலியைத் தகர்த்து மைதானத்தின் நடுவில் கைகோத்து நின்றனர், ஆட்டம் கைவிடப்பட்டது. ஏமாந்த ரசிகர்கள் அவர்கள்மீது புட்டிகளை வீசினர். செப்டம்பர் 12ஆம் நாள் ஆக்லாந்தில் நடந்த கடைசி டெஸ்டில், சிறு விமானம் ஒன்று தாழப் பறந்து மாவுப் பொட்டலங்களை ஆடுகளத்தின்மீது போட்டது. நியூசிலாந்து 25–22 என்று வென்றது. ஆனால் ஒரே வீட்டில் தந்தையும் மகனும் பேசாதிருந்த அந்த ஆண்டை அந்நாட்டினர் இன்னும் மறக்கவில்லை.

அந்த நிகழ்ச்சிகளில் எம் நெஞ்சில் நிற்பவர் கிரகாம் மௌரி. ஆல் பிளாக்ஸ் அணியின் தலைவர். அநீதியால் அவருக்கு ஓர் இழப்பும் இல்லை. எந்த அணியை எதிர்த்து ஆடுவதை அந்நாட்டு வீரர் ஒவ்வொருவரும் வாழ்நாட் பேறாகக் கருதினரோ, அந்த அணிக்கு எதிராக ஆடமாட்டேன் என்று அவர் விலகிக்கொண்டார். தன் பக்கத்தை நேசிப்பவனே, அதன் பிழைக்குத் துணைபோக மறுத்தான். அஸபிய்யாவின் கட்டு இருந்தது, கண்கட்டு இல்லை. ரசிகனுக்கும் இதுவே வழி. வேலிக்கு வெளியே நின்ற பல்லாயிரவர் ரக்பியை வெறுத்தவர்கள் என்று கருதுவது தவறு. அவர்களுள் எத்தனையோ பேர் குழந்தைப் பருவமுதல் அந்தக் கறுப்புச் சட்டையைக் கனவு கண்டவர்கள்.

திருப்பிக் கொடுக்கும் நேரம்

இனி மூன்றாம் வினா. இதுவே கடினமானது.

1992இல் வெள்ளையர் சங்கமும் ஏனையோர் சங்கமும் ஒன்றாயின. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூசிலாந்து அணி எல்லிஸ் பார்க்கில் ஆடிற்று. பழைய கொடியும் பழைய தேசிய கீதமும் வேண்டாம். வன்செயலில் மாண்டவர்களுக்காக ஒரு மணித்துளி மௌனம் வேண்டும் என்பது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் விதித்த நிபந்தனை. கூட்டம் அந்த மௌன நேரத்திலேயே பழைய கீதத்தைப் பாடிற்று. மாண்டவர்களுக்காகச் சில விநாடிகள் வாய்மூட இயலாத அக்கூட்டத்தைப் பார்த்து, கேப்டவுனில் நம் நண்பரின் தந்தையார் வானொலியை நிறுத்திவிட்டாராம்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1995இல் அதே எல்லிஸ் பார்க். இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா, குடியரசுத் தலைவராக, ஸ்பிரிங்பாக் அணித்தலைவரின் 6ஆம் எண் பொறித்த பச்சைச் சட்டையை அணிந்து புல்வெளியில் இறங்கினார். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் வெள்ளையர், அவர் பெயரை முழங்கினர். அணியிலோ வெள்ளையரல்லாத வீரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. எண்பது நிமிடம் முடிந்தபோது 9–9. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே பறந்தது. 15–12.

மாடிப்படியில் அமர்ந்திருந்த நம் நண்பர் வானொலியை அணைத்தார். அவர் மகிழவும் இல்லை, வருந்தவும் இல்லை. "மண்டேலா மன்னித்துவிட்டார். அது அவருடைய உரிமை. என் தந்தை சார்பில் அவர் மன்னிக்கமுடியுமா?" என்றார். இஷாவுக்குப் பாங்கு ஒலித்தது; எழுந்து போனோம்.

இக்கேள்விக்கு விடைகூறப் பல ஆண்டுகளாக முயன்றிருக்கிறோம். மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவனின் உடைமை என்பதில் ஐயமில்லை. தலைவர் ஒருவர் வழிகாட்டலாம். மற்றவரின் உள்ளத்தைத் திறக்கும் சாவி அவரிடம் இல்லை. எனவே 1995இல் கைதட்டாதவரை நாம் குறைகூறோம்.

ஆனால் மறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது அன்றோ? அக்காரணம் மெல்ல மெல்ல மறைந்த பின்னும் மறுப்பு மட்டும் நின்றுவிட்டால், அது என்ன பெயர் பெறும்? 2014இல் கேப் முஸ்லிம் இளைஞரான நிசாம் கார் ஸ்பிரிங்பாக் சட்டை அணிந்தார். 2018இல் ஸ்வீடே என்னும் கறுப்பர் சேரியில் வளர்ந்த சியா கொலிசி அணித்தலைவரானார்; 2019 நவம்பர் 2ஆம் நாள் யோகோகாமாவில் இங்கிலாந்தை 32–12 என்று வென்று உலகக் கோப்பையை ஏந்தினார். ஆயினும் கேப்டவுனில் இன்றும் ஆல் பிளாக்ஸுக்கே கைதட்டும் மக்கள் உண்டு. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகர அணியான 'குருசேடர்ஸ்' மீதும் அவர்களுக்குப் பற்று மிகுதி. அதனால் அவர்களுக்கு 'கேப் குருசேடர்ஸ்' என்றே பெயர் வந்தது. சிலுவைப்போர் வீரரின் பெயரை நெஞ்சில் பொறித்துக்கொண்டு முஸ்லிம் இளைஞர்கள் அரங்குக்குச் சென்றதை வரலாற்றின் விந்தை என்பதா, ஒரு பற்று தன் வேரை மறந்ததற்குச் சான்று என்பதா? 2019 மார்ச் 15ஆம் நாள் அதே கிரைஸ்ட்சர்ச்சின் பள்ளிவாசல்களில் 51 உயிர்கள் பறிக்கப்பட்டபின், அந்த அணி தன் வாளேந்திய வீரர் சின்னத்தைக் கைவிட்டு மாவோரிச் சின்னத்துக்கு மாறிற்று, பெயரை மாற்றவில்லை. தம் பற்று எங்கிருந்து தொடங்கியது, இப்போது எங்கு நிற்கிறது என்பதை அந்த ரசிகர்கள் அன்றேனும் ஒருமுறை எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

நீதிக்காகத் தொடங்கிய மறுப்பு பழக்கமாக இறுகுமானால், அதுவும் ஓர் அஸபிய்யா ஆகிவிடும். அநீதியை வெறுத்தவன், அநீதி போனபின் ஆட்களை வெறுப்பவனாக மாறிவிடுவான். ஆகவே நாம் காணும் முடிவு இதுவே: அன்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்று எவரையும் கட்டாயப்படுத்த இயலாது, ஆனால் நீதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியது அனைவர்க்கும் கடமை. கைதட்டாமல் இருக்கலாம், நன்றாக ஆடியவனை நன்றாக ஆடினான் என்று சொல்லாமல் இருக்கக்கூடாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு டப்ளின் நகரில் கிடைக்கிறது. அங்குள்ள குரோக் பார்க் அரங்கில் 1920 நவம்பர் 21ஆம் நாள், ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தின்மீது ஆங்கில ஆட்சியின் படையினர் சுட்டனர், பதினால்வர் மாண்டனர். அயல்நாட்டு ஆட்டங்களுக்கு அவ்வரங்கு நெடுங்காலம் மூடியே இருந்தது. 2007 பிப்ரவரி 24ஆம் நாள் அங்கு இங்கிலாந்து ரக்பி அணி வந்தபோது, ஆங்கில அரசியின் கீதம் அந்த மண்ணில் ஒலிக்கவிருந்தது. கூச்சல் எழும் என்று பலரும் அஞ்சினர். எண்பதாயிரம் பேர் மரியாதையுடன் நின்று அதனைக் கேட்டனர். பிறகு தம் கீதத்தை அழுதுகொண்டே பாடினர். ஆட்டத்தில் அயர்லாந்து 43–13 என்று வென்றது. அவர்கள் 1920ஐ மறந்துவிட்டார்களா? இல்லை. அதை மறக்காதவர்கள் என்பதனாலேயே அந்த மௌனத்துக்கு மதிப்பு உண்டாயிற்று.

இதற்கு நேர்மாறானதையும் பார்க்கிறோம். 2023 அக்டோபர் 28ஆம் நாள் பாரிசின் புறநகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 12–11 என்று வென்றது. நியூசிலாந்து அணித்தலைவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். நடுவராக இருந்த வெய்ன் பார்ன்ஸ் அத்துடன் ஓய்வுபெற்றார்; தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் வந்த மிரட்டல்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். எங்கிருந்தோ ஒரு ரசிகன், ஓர் ஆட்டத்துக்காக, ஒரு மனிதரின் மனைவி மக்களை அச்சுறுத்துகிறான். அவனிடம் எந்த வரலாற்று அநீதியும் இல்லை. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸும் இல்லை, குரோக் பார்க்கும் இல்லை. வெறும் கண்கட்டு மட்டுமே இருக்கிறது.

அந்த ஆட்டம் முடிந்த சில நாட்களில் நம் நண்பரிடமிருந்து மடல் வந்தது. இப்போது அவர் கேப்டவுனில் மார்க்கக் கல்வி போதிக்கிறார். அன்றிரவு அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒன்றாக அமர்ந்து பார்த்ததாம். எண்பதைக் கடந்த தந்தையார் வழக்கம்போல் கறுப்புச் சட்டை. பேரன் கொலிசியின் எண்ணிட்ட பச்சைச் சட்டை. நண்பர் இரண்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டையில் அமர்ந்திருந்தாராம். ஆட்டம் முடிந்ததும் பேரன் துள்ளிக் குதித்தான். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. அன்று தென்னாப்பிரிக்காவின் 7ஆம் எண் வீரரான பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட் 28 முறை எதிரிகளைத் தடுத்து வீழ்த்தியிருந்தார். முன்னாளில் அந்த மூலையை ஒதுக்கியவர்களின் இனத்தைச் சேர்ந்தவர் அவர். கடைசியில் முதியவர் வாய்திறந்து, "அந்த ஏழாம் எண்காரன் மலைபோல் நின்றான்" என்றாராம். அவ்வளவே சொன்னார். கைதட்டவில்லை. கறுப்புச் சட்டையைக் கழற்றவும் இல்லை.

"1995இல் நான் உங்களிடம் கேட்டதற்கு என் தந்தை இப்போதுதான் விடை சொன்னார் என்று நினைக்கிறேன்" என்று நண்பர் எழுதியிருந்தார். எமக்கும் அவ்வாறே தோன்றுகிறது.